அரை மணி பிந்திய வெளிச்சம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிழை முழுக்க என்னுடையது அல்ல. பாதி அப்பாவுடையது. இதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். அவரும் "ஓம் பிள்ளை, பாதி என்ர" என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் மன்னார் பஸ் நிலையத்தில் இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் முழுப் பிழையையும் என் தலையில்தான் கட்டுகிறார்கள். படித்தவள் பிழை விட்டால் ஊருக்கு அவ்வளவு சந்தோசம்.

என் பெயர் செபஸ்தியம்மா. இருபத்தேழு வயதுக்காரிக்கு இது என்ன பெயர் என்று கேட்காதீர்கள். செபஸ்தியார் திருநாளன்று பிறந்தேன், அப்பா அதற்கு மேல் யோசிக்கவில்லை. வீட்டில் செபா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படித்து முடித்துவிட்டு, மன்னாரில் கீரி என்ற ஊரில் வீட்டில் இருந்தபடி பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன். 2006ஆம் ஆண்டு. பெயருக்குச் சமாதானம் இருந்தது. றோட்டோரத்தில் மண்மூட்டைகள் மறுபடி உயரத் தொடங்கியிருந்தன. வெளிநாடு போகிறவர்கள் எல்லாம் பாதை மூடுவதற்குள் போய்விட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த காலம். நானும் துடித்தேன், ஆனால் எனக்கு லண்டனும் வேண்டாம், கனடாவும் வேண்டாம். ஜப்பானில் ஓர் ஆய்வுகூடம்தான் வேண்டும்.

அங்கே என்ன செய்கிறார்கள் என்று அம்மா கேட்டபோது, "வெளிச்சத்தை இலத்திரனோடை மோதவிடுறாங்கள்" என்றேன். "ஏன், இரண்டுக்கும் என்ன கோபம்?" என்றாள் அம்மா. என் அம்மா திரேசம்மாவுக்கு எதையும் விளங்கப்படுத்துவது லேசில்லை.

அப்பா அப்படி அல்ல. பொறுமையாகக் கேட்பார். அவர் பெயர் சின்னராசா, மன்னார் பஸ் நிலையத்தில் ரைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்பது அவர் கையில். கழுத்தில் விசில். அவர் ஊதினால்தான் சக்கரம் உருளும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பஸ்ஸையும் ஒரு நிமிடம்கூட அவர் பிடித்து வைத்ததில்லை. என் சித்தியின் கலியாணத்துக்குப் போகிற பஸ்ஸை, அம்மா சேலைக் கரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவதைக் கண்டுகொண்டே ஊதி அனுப்பிய மனிதர். அம்மா அதை இன்னும் மறக்கவில்லை.

நேர்முகத்துக்கு ஆயத்தப்படுத்த எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்பாவைக் கதிரையில் இருத்தி வைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். "அப்பா, சிங்கராசா அண்ணையின்ர தலைமன்னார் பஸ் பேய் வேகத்திலை வருது. நீங்கள் முன்னுக்கு நிண்டு ஒரு றப்பர் பந்தை மெதுவா எறியிறியள். பந்து பஸ்ஸிலை பட்டு எப்பிடித் திரும்பி வரும்?"

"என்ர பல்லைக் கழட்டும்."

"அதுதான். பஸ் எண்டது இலத்திரன். கிட்டத்தட்ட வெளிச்சத்தின்ர வேகத்திலை ஓடுது. பந்து எண்டது லேசர் வெளிச்சம். நேருக்கு நேர் பட்டுத் திரும்பேக்கை அதின்ர சக்தி இரண்டு கோடி மடங்குக்கு மேலை கூடும். வெளிச்சமாய்ப் போனது காமாக் கதிராய்த் திரும்பி வரும். அந்தக் காமாக் கதிரை ஒரு உலோகத் தகட்டிலை விட்டால் பொசித்திரன் எண்ட துகள் கிடைக்கும். துகள்களைப் பேய் வேகத்திலை ஓடவிடுற பெரிய ஆர்முடுக்கிகளுக்கு அதுதான் தீனி."

அப்பா பந்து எறிகிறவர் போல் கையை ஒருதரம் வீசிப் பார்த்தார். "எல்லா வெளிச்சமும் படுமோ?"

கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி! முழு ஆய்வுகூடமும் அந்தக் கேள்விக்காகத்தான் இருக்கிறது. "இல்லை அப்பா. அநேகமா எல்லாம் படாமல்தான் போகும். அதாலை இரண்டு கண்ணாடியை எதிரெதிரா வைச்சு, வெளிச்சத்தை நடுவிலை ஓடவிட்டுச் சேர்க்கிறாங்கள். பட்டது பட்டதுதான். படாதது கண்ணாடியிலை திரும்பி வந்து அடுத்த இலத்திரன் கூட்டத்துக்குக் காத்து நிக்கும்."

அப்பா தொடையில் தட்டினார். "இது எங்கட பார்சல் விசயம்."

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைமன்னார் றோட்டில் ஆமி முகாமுக்கு முன்னால் அரை மைலுக்கு பஸ் நிற்கக்கூடாது. அந்த அரை மைலில் இருக்கிறவர்கள் பட்டணத்தில் வேலை செய்யும் தங்கள் ஆட்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் அனுப்புவது ஓடுகிற பஸ்ஸில்தான். வேலியோரமாக வரிசையில் நிற்பார்கள், கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கையை நீட்டுவான். ஒன்று பிடிபடும், இரண்டு பிடிபடும், மிச்சம் தவறும். தவறினவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அடுத்த பஸ்ஸுக்கு மறுபடி வரிசையில் நிற்பார்கள்.  புத்தகத்தில் ஏழு பக்கம் எழுதியிருந்ததை அந்த மனிதர் ஒரு சோற்றுப் பார்சலில் கட்டிக் கொடுத்துவிட்டார்.

இனி மணிக்கூட்டு விசயம். பத்து வருடத்துக்கு முந்தி அரசாங்கம் நாட்டின் மணியை முன்னுக்குத் தள்ளி வைத்தது. மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் பாலத்துக்கு அப்பால், இயக்கம் வைத்திருந்த பக்கம், அதை ஏற்கவில்லை. ஒரே வெயில், ஒரே கடல், அரை மணி வித்தியாசம். தீவில் பத்து மணி என்றால் அந்தப் பக்கம் ஒன்பதரை. "நாலு மணிக்கு வாங்கோ" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் கேட்கும் முதல் கேள்வி "எந்த நாலு?" என்பதுதான். அப்பா பத்து வருடமும் இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டினார். இடது கையில் இந்தப் பக்கத்து நேரம், வலது கையில் அந்தப் பக்கத்து நேரம். நான் சிரிக்காத நாள் இல்லை.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. அன்று நள்ளிரவுக்குப் பிறகு அரசாங்கம் தன் மணியை அரை மணி பின்னுக்கு இழுக்கும் என்று அறிவித்திருந்தார்கள். அதாவது இரண்டு பக்கமும் இனி ஒரே நேரம். "இனியாவது ஒண்டைக் கழட்டுங்கோவன் அப்பா" என்றேன். "பாப்பம்" என்றார்.

ஜப்பான் பேராசிரியர் எனக்குக் குறித்த நாள் அதற்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை. நாலு பேரைத் தொலைபேசியில் கேள்வி கேட்பார், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், முதல் ஆள் நான். ஜப்பான் நேரம் பிற்பகல் இரண்டு மணி, இலங்கை நேரம் முற்பகல் பதினொன்று என்று எழுதியிருந்தார். அவர் அதை எழுதியது மணி மாறுவதற்கு முன்பு. நான் கணக்குப் போட்டேன். மணி மாறினால் அது பத்தரை! இதைக் கண்டுபிடித்ததும் எனக்குத் தலை கால் தெரியவில்லை. வேறு யாராவது என்றால் பதினொன்றுக்குப் போய் ஏமாந்திருப்பார்கள் என்று வீடு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அம்மா "போதும், கண்ணூறு படப்போகுது" என்றாள்.

எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே அமிர்தநாயகம் அண்ணையின் கொமினிக்கேசன், அதாவது தொலைபேசிக் கடை, இருக்கிறது. அந்த இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக ஸ்ரூலில் ஏறிச் சுவர் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு வைத்தேன். பிறகு உயிர்த்த ஞாயிறு வந்தது, திங்கள் போனது. அந்த மூன்று நாளும் மன்னாரில் நேரம் என்று ஒன்று இருக்கவில்லை. சனி இரவுப் பாஸ்காப் பூசைக்குப் பாதிச் சனம் முந்தியும் பாதிச் சனம் பிந்தியும் வந்தது. அப்பா முந்தியே போய்விட்டார்; நானும் அம்மாவும் போனபோது முதல் வாசகம் முடிந்திருந்தது. "சனத்துக்கு இன்னும் மணி பிடிபடேல்லை" என்று நான் அம்மாவின் காதில் சொல்லிச் சிரித்தேன். சிரித்தேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை அப்பா வழக்கம்போல் விடியவே வேலைக்குப் போய்விட்டார். என் கைமணிக்கூடு மாசியிலேயே நின்றுபோயிருந்தது. அம்மாவின் சாவி கொடுக்கும் மணிக்கூட்டைச் சுவர் மணிக்கூட்டோடு சரிபார்த்துக் கட்டிக்கொண்டு, ஒன்பது முப்பத்தைந்துக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். கீரியிலிருந்து பட்டணத்துக்கு எவ்வளவு தூரம்! ஆறுதலாக மிதித்தேன். வழியில் நின்ற கழுதைகளுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டேன்.

ஆமிச் சென்றியில் சோதனைக்கு நீண்ட வரிசை. என் முறை வந்தபோது அடையாள அட்டையைப் பார்த்த ஆமிக்காரன், சும்மா நட்பாகத் தன் மணிக்கூட்டைக் காட்டி, "பத்து இருபத்தைஞ்சு. வெயில் கூட, இல்லையா?" என்றான், அரைகுறைத் தமிழில். என் மணிக்கூட்டில் ஒன்பது ஐம்பத்தைந்து.

ஐயோ பாவம், இவனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "மணி மாறிப்போச்சு" என்று கையால் சுழற்றிக் காட்டினேன். "அரசாங்கம். சனிக்கிழமை. அரை மணி பின்னுக்கு."

"மாத்தினது" என்றான்.

"சரியா மாத்தேல்லை. நான் யூனிவர்சிற்றி. பௌதிகவியல்" என்றேன்.

அதற்கு மேல் அவன் என்ன செய்வான்! மணிக்கூட்டைக் கழற்றி அரை மணி பின்னுக்கு வைத்தான். "ஸ்துதி மிஸ்" என்று நன்றியும் சொன்னான். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் சைக்கிளில் ஏறினேன்.

பஸ் நிலையத்துக்கு வந்தபோது என் மணிக்கூட்டில் பத்து பதினாலு. இன்னும் பதினாறு நிமிடம் கையில் இருக்கிறது, ஒரு சோடா குடிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அங்கே ஒரே அமளி. தலைமன்னார் பஸ் நிறைந்து நிற்கிறது. அது பத்தரை பஸ், இன்னும் நேரம் இருக்கிறதே, சாரதி சிங்கராசா அண்ணை ஏன் கோண் அடிக்கிற கையை எடுக்கிறார் இல்லை?

"உன்ர கொப்பரைக் கண்டால் ஊதச் சொல்லு பிள்ளை!" என்று கத்தினார். "பதினாலு நிமிசமா நிக்கிறன்! மனிசன் விசிலையும் கொண்டு கொமினிக்கேசனுக்குள்ளை ஓடிட்டார்!"

 சைக்கிளை விழுத்திவிட்டு ஓடினேன்.

உள்ளே அப்பா தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வேர்வை நெற்றியால் வடிகிறது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பஸ் நிலையத்து ஆங்கிலம். அதில் ஒரு சொல்லை ஒளிக்காமல் முழுவதையும் ஜப்பானுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.

"சேர், லைற் மிஸ், நோ கோ ஹோம். லைற் கம் பாக். ஸ்ராண்ட் இன் கியூ. யூ நோ, சேர், மிரர். மை டோட்டர் ஸேம். நல்ல பிள்ளை, சேர். வெரி குட். டுடே மிஸ். ஷீ கம் பாக். ஷீ ஸ்ராண்ட் இன் கியூ. யூ நெக்ஸ்ற் பஸ், சேர்... யெஸ்... யெஸ் சேர்... தாங்க் யூ, சேர்."

வைத்துவிட்டார். வைத்த கையோடு என்னைக் கண்டார்.

"வைச்சிட்டியளா!" என்று கத்தினேன். "என்ர கோல்! பத்தரைக்கு எல்லோ! இப்ப பத்து பதினாலுதானே!"

அப்பா இரண்டு கையையும் நீட்டினார். இடது கையில் பத்து நாற்பத்து நாலு. வலது கையிலும் பத்து நாற்பத்து நாலு. அமிர்தநாயகம் அண்ணையின் சுவரிலும் பத்து நாற்பத்து நாலு. 

"வீட்டு மணிக்கூட்டை நான் சனிக்கிழமை திருத்தினனானே" என்றேன், குரல் இறங்கிப்போய்.

அப்பா தலையில் கைவைத்தார். "நான் வெள்ளிக்கிழமை படுக்க முந்தியே திருத்திட்டன் பிள்ளை."

"அதை ஏன் சொல்லேல்லை?"

"பெரிய வெள்ளியெல்லோ" என்றார்.

அதுதான். அப்பா பெரிய வெள்ளி மூன்று மணிக்கு வாயை மூடினால் பாஸ்காப் பூசை மணி அடிக்கும் வரை ஒரு சொல் பேச மாட்டார். அவருடைய நேர்ச்சை அது. அம்மாவைக் கலியாணம் கட்டின வருடம் தொடங்கியது. அந்த மௌனத்துக்குள் அவர் மணிக்கூட்டைத் திருத்தினார், அந்த மௌனத்துக்குள் நான் மறுபடி திருத்தினேன். பூசை முடிந்து வாய் திறந்தபோது அவருக்கு அது ஞாபகம் இல்லை. இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டின மனுசர் சுவரைப் பார்ப்பாரா! கோதாரி விழுந்த மணிக்கூடு! எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. மூன்று வருடம் விண்ணப்பம் எழுதி எழுதித் தேய்ந்த கை. மனுசர் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால்!

"அழாதை. திரும்ப எடுப்பார்" என்றார் அப்பா. "மற்ற மூண்டு பேரையும் முடிச்சிட்டுக் கடைசியா எடுக்கிறன் எண்டவர். பதினொண்டரைக்கு."

"எந்தப் பதினொண்டரை?" என்றேன் என்னையறியாமல்.

"ரெண்டு கையிலையும் ஒண்டுதான்" என்றார் அப்பா. பிறகு வெளியே போனார். விசில் சத்தம் கேட்டது, தலைமன்னார் பஸ் போனது.

அந்த முக்கால் மணி நேரத்தில் அமிர்தநாயகம் அண்ணை எனக்குச் சோடா உடைத்துத் தந்து, நடந்ததை எல்லாம் சொன்னார். பத்தரைக்குத் தொலைபேசி அடித்ததாம். அவர் எடுத்து "செபா இல்லை" என்று சொல்லப் போன நேரம், அப்பா விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு றோட்டைக் குறுக்கே பாய்ந்து வந்தாராம். "உன்ர கொப்பர் ஓடி நான் கண்டதில்லை பிள்ளை" என்றார். பேராசிரியரைப் பேசவே விடாமல், பஸ், பார்சல், வேலி, வரிசை, கண்ணாடி என்று எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாராம். "அந்தாள் முதல் 'ஹலோ, ஹலோ' எண்டது. பிறகு பாத்தால் சிரிக்குது. நான் தள்ளி நிண்டே கேட்டனான்."

எனக்கு வெட்கத்தில் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. சோடாவைக் குடித்தேன்.

பதினொன்றரைக்குச் சொல்லி வைத்தது போல் மணி அடித்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பேராசிரியர் இடைமறித்தார். "உங்கள் அப்பா கண்ணாடிகளைப் பற்றிச் சொல்லிவிட்டார். அதைத் தாண்டிப் போவோம். கண்ணாடி இரண்டுக்கும் இடையிலான தூரம் சற்றுப் பிழைத்தால் என்ன நடக்கும்?"

"புதிதாக வரும் ஒளித்துடிப்பு பழையதன் மேல் சரியாக விழாது. வெளிச்சம் சேராது. வெளிச்சமும் வரும், இலத்திரனும் வரும். இரண்டும் சந்திக்காது."

"அந்தப் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?"

புத்தகத்துப் பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு வேறு பதில்தான் வந்தது. "ஒரு மணிக்கூட்டை மட்டும் நம்ப மாட்டேன். இரண்டைப் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைப் பார்ப்பேன். வித்தியாசம் இருந்தால் கண்ணாடியை அசைப்பேன். ஆனால் அசைப்பதற்கு முன்னால், வேறு யாராவது ஏற்கெனவே அதைத் திருத்திவிட்டார்களா என்று பார்ப்பேன். இரண்டு பேர் ஒரே பிழையைத் திருத்தினால் அது புதுப் பிழை. இன்றைக்குக் காலையில் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்."

சொல்லி முடித்ததும் போச்சு என்று நினைத்தேன். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. "எங்கள் ஆய்வுகூடத்தில் இரண்டு திருத்தும் கருவிகள் இப்படித்தான் ஆறு மாதமாக ஒன்றோடொன்று சண்டை பிடிக்கின்றன" என்றார். "இதை என் மாணவர்களுக்கு விளங்கப்படுத்த முடியாமல் கிடக்கிறேன்." இன்னும் பத்து நிமிடம் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியில் கேட்டார்: "ஒக்ரோபரில் வர முடியுமா? கடிதம் இந்தக் கிழமையே அனுப்புகிறேன்."

ஓம் என்றேன். அவருக்குத் தமிழ் விளங்காது என்பது பிறகுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் மூன்று தரம் சொன்னேன். தொலைபேசியை வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதேன், இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது! அமிர்தநாயகம் அண்ணை பயந்துபோய் இன்னொரு சோடா உடைத்தார்.

அப்பாவிடம் ஓடினேன். தன் கூண்டுக்குள் இருந்து பதிவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். "கிடைச்சிட்டுது அப்பா!" என்றேன். அவர் பேனையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். மூக்கை உறிஞ்சினார். "நல்லது பிள்ளை" என்றார், அவ்வளவுதான் வந்தது. புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். தலைமன்னார் பஸ்ஸுக்கு நேரே, "தாமதம் 14 நிமிடம்" என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் வழக்கமாக ரயர், என்ஜின், ஆமிச் சோதனை என்று ஏதாவது இருக்கும். அன்றைக்கு "நேரக்கணிப்பாளர்" என்று தன் பதவியையே எழுதியிருந்தார்.

"இதை ஏன் எழுதினீங்கள்? ரயர் எண்டு போட்டிருக்கலாமே?"

"பஸ்ஸை மறிச்சது நானெல்லோ" என்றார்.

திரும்பும் வழியில் சென்றியில் அதே ஆமிக்காரன் நின்றான். பாவம், பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய மாற்று ஆள் தன் மணிக்கூட்டின்படி பதினொன்றரைக்கே வந்துவிட்டான் என்று நினைத்து, அவனைத் திருப்பி அனுப்பியிருந்தான். மாற்று ஆள் நிழலில் போய்ப் படுத்துவிட்டான், இவன் வெயிலில். நான் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, "மணியை முன்னுக்கு வையுங்கோ. பிழை என்ர" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"யூனிவர்சிற்றி?" என்றான்.

"ஓம்" என்றேன்.

வீட்டில் அம்மா சுவர் மணிக்கூட்டைத் தானே ஸ்ரூலில் ஏறித் திருத்தினாள். "ரெண்டு பேரும் கிட்ட வரக்கூடாது" என்றாள். தலைமன்னார் பஸ் பதினாலு நிமிடம் நின்ற கதையை இரவுச் சாப்பாட்டில் கேட்டதும் அவளுக்குச் சந்தோசமும் கோபமும் ஒன்றாக வந்தன. "அண்டைக்கு என்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்கு ஒரு நிமிசம் மறிக்க ஏலாமல் போச்சு, என்ன?" என்று அப்பாவைப் பிடித்தாள். அப்பா சோற்றைக் குழைத்துக்கொண்டு சிரித்தார்.

"சரி, எல்லாம் ஒரே நேரம் ஆயிட்டுது. இனியாவது அந்த ஒண்டைக் கழட்டுங்கோ" என்றாள் அம்மா.

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து இருந்தார். இடது கை மணிக்கூட்டைக் கழற்றினார். அப்பாடா என்று அம்மா என்னைப் பார்த்தாள். ஆனால் அவர் அதை அலுமாரியில் வைக்கவில்லை. திருகை இழுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, மூன்றரை மணி முன்னுக்கு வைத்தார். ஏழேகால், பத்தே முக்கால் ஆனது. பிறகு மறுபடி அதே கையில் கட்டிக்கொண்டார்.

"ஒக்ரோபரிலை இந்த நேரம்" என்றார், அதைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளை அங்கை சாப்பிட்டுப் படுத்திருப்பா."

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. சோற்றுக் கோப்பையில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.